நீங்க விட்ட அந்த ஒரு மூச்சு

ஒரு அப்பா எழுதியிருக்கார். அடையாளம் தெரியற மாதிரி இருக்கறதை எல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கி இங்க போடறேன்.

"என் பொண்ணுக்கு 8 வயசு, மூணாவது படிக்கிறா. நல்லா படிப்பா. நாலஞ்சு மாசமா நோட்டுல ஒரு எழுத்து தப்பாயிட்டா கூட அந்தப் பக்கத்தையே கிழிச்சுட்டு முதல்ல இருந்து எழுதுறா. போன வாரம் ஒரே பக்கத்தை 6 தடவ எழுதினா. கிளாஸ்ல பதில் தெரிஞ்சாலும் வாயே திறக்கறதில்லன்னு டீச்சர் சொல்றாங்க. அதனால அவளை எழுப்பி கேள்வி கேக்க வேணாம்னு நாங்களே டீச்சர்கிட்ட சொல்லிட்டோம். வீட்டுல நான் பென்சில்ல லேசா எழுதிக் குடுத்துடுவேன், அவ அது மேலேயே எழுதிடுவா. நாங்க ஒரு நாளும் அடிச்சதில்ல, திட்டினதில்ல. என் அப்பாகிட்ட நான் வாங்கின அடிக்கு, என் பிள்ளைய தொடவே கூடாதுன்னு முடிவு பண்ணினவன் நான். தினமும் பக்கத்துலயே உக்காந்து சொல்லிக் குடுக்கறேன். தப்பா எழுதினா கூட ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஒரு மூச்சு விட்டுட்டு பேசாம இருந்துடுவேன். ஆபீஸ்ல நான் ஒரு தப்பு பண்ணிட்டா எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வராது, யார்கிட்டயும் பேசப் பிடிக்காது, ஆனா அது என் பிரச்சினை, குழந்தைகிட்ட காட்டிக்கிட்டதே இல்ல. என் அம்மா 'அப்பனை மாதிரியே பயந்தாங்கொள்ளி'ன்னு அவ முன்னாடியே சொல்றாங்க. இது என் தப்பா? டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகணுமா? அவ கிழிச்சுப் போட்ட பக்கங்களை எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், ஒட்டி ஒரு நாள் காட்டலாமான்னு தோணுது."

சார், வணக்கம். உங்க கடிதத்தை மூணு தடவ படிச்சேன். அடி வாங்கி வளர்ந்த ஒருத்தர் இந்த கை என் பிள்ளை மேல படாதுன்னு முடிவெடுத்து, 8 வருஷம் அதை காப்பாத்தி வெச்சிருக்கீங்க, அது எவ்ளோ கஷ்டமான காரியம்னு எனக்கு தெரியும், ஏன்னா அதே முடிவை எடுத்துட்டு காப்பாத்த முடியாம என் முன்னாடி உக்காந்து அழுத அப்பாக்கள் நிறைய பேர். அதனால கீழ நான் சொல்லப் போறது எதையும் "நீ சரியா வளர்க்கல"ன்னு எடுத்துக்காதீங்க. ஒரு பெரிய கதவை நீங்க அடைச்சிட்டீங்க, ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கு, அதை பத்திதான் பேசப் போறோம்.

இது என் தப்பாங்கற கேள்விய முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா அது உள்ள உறுத்திட்டே இருந்தா மத்தது எதுவும் காதுல ஏறாது. இந்தக் கேள்விக்கு எங்க குழந்தைகள் மனநலத் துறையே ஒரு காலத்துல ரொம்ப மோசமா பதில் சொல்லியிருக்கு. ஆட்டிசத்தை (பேசறதுலயும் மத்தவங்களோட பழகறதுலயும் வித்தியாசம் தெரியற ஒரு வளர்ச்சி நிலை, உங்க பொண்ணுக்கு அது இருக்குன்னு சொல்லல) 1943ல முதல்ல விரிவா எழுதின டாக்டர் லியோ கேனர், அந்தக் குழந்தைங்களோட அப்பா அம்மா பாசமே காட்டாதவங்க, ஃபிரிட்ஜ்ல வெச்ச மாதிரி பிள்ளைங்கள வெச்சிருந்தாங்கங்கற மாதிரி எழுதிட்டார். பின்னாடி வந்தவங்க அதை பிடிச்சுக்கிட்டு அம்மாவாலதான் ஆட்டிசம் வருதுன்னே சொல்ல ஆரம்பிச்சாங்க. எத்தனை அம்மாக்கள் அந்தப் பழிய தூக்கிக்கிட்டு வாழ்ந்திருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயித்தை பிசையும். 1964ல பெர்னார்ட் ரிம்லாண்ட்னு ஒரு உளவியலாளர், அவரோட சொந்தப் பையனுக்கே ஆட்டிசம் இருந்தது, அவர்தான் இது நரம்பு மண்டலம் சம்பந்தப்பட்ட விஷயம், வளர்ப்பு காரணம் இல்லன்னு ஆதாரத்தோட எழுதி அந்தப் பழிய இறக்கி வெச்சார். இவ்ளோ பெரிய தப்பை பண்ணின துறையில இருந்துட்டு பெத்தவங்கள பாத்து "உங்களாலதான்"னு சொல்ற தைரியம் எனக்கு கிடையாது, சொல்லவும் மாட்டேன்.

உங்க பொண்ணு அனேகமா பிறவியிலயே கொஞ்சம் நிதானமான, எதையும் பாத்து பாத்து கால் வைக்கிற குழந்தையா இருந்திருப்பா. புது ஆள் வந்தா உங்க காலுக்கு பின்னாடி போய் நின்னிருப்பா, புது இடத்துல முதல் அரை மணி நேரம் யார்கிட்டயும் சேந்திருக்க மாட்டா, அப்புறம் மெதுவா சேந்திருப்பா. சரியா? அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ்னு கணவன் மனைவி ரெண்டு பேரும் டாக்டர்ஸ், 1956ல நியூயார்க்ல ஆரம்பிச்சு நூத்துக்கும் மேல குழந்தைங்கள கைக்குழந்தையில இருந்து வருஷக்கணக்கா கவனிச்சுட்டே வந்தாங்க. அதுல 100க்கு 15 பேர் இப்படி தயங்கித் தயங்கி மெதுவா பழகற ரகம். அவங்க சொன்னதுல இன்னைக்கு வரைக்கும் நான் தினமும் உபயோகிக்கறது ஒரே ஒரு விஷயம். குழந்தையோட சுபாவம் நல்லதா கெட்டதாங்கறது பெரிய விஷயம் இல்ல, அந்த சுபாவமும் சுத்தி இருக்கற பெரியவங்க எதிர்பாக்கறதும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதாங்கறதுதான் அந்தப் பிள்ளை எப்படி வளரும்னு முடிவு பண்ணுது. சுபாவத்தை மாத்தற மருந்து என்கிட்ட இல்ல, ஆனா பொருத்தத்தை மாத்தலாம், அது நம்ம கையில இருக்கு. அதனால "யார் தப்பு"ங்கறதை விட்டுட்டு "எதை பிடிச்சு இழுத்தா இந்த முடிச்சு அவிழும்"னு பாக்கலாம். 8 வயசு பொண்ணால தன்னோட பயத்தை தானே பிடிச்சு இழுக்க முடியாது, நீங்களும் நானும் இழுக்கலாம்.

இப்ப அந்த மூச்சுக்கு வர்றேன்.

நீங்க எழுதினதுல எதை படிச்சப்ப பேனாவ எடுத்து அடிக்கோடு போட்டேன்னா, "ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஒரு மூச்சு விட்டுட்டு பேசாம இருந்துடுவேன்"ங்கற இடம்தான். உங்களை பொறுத்தவரை அது திட்டாம இருக்கறது, உங்க அப்பா அந்த இடத்துல கைய ஓங்கியிருப்பார், நீங்க வெறும் மூச்சோட நிறுத்திட்டீங்க, எவ்ளோ பெரிய முன்னேற்றம். ஆனா உங்க அப்பா ஓங்கின கைய அவ பாத்ததே இல்ல சார். அவளுக்கு தெரிஞ்ச உலகத்துலயே பெரிய சத்தம் அந்த மூச்சுதான். நீங்க அளக்கற ஸ்கேல் வேற, அவ அளக்கற ஸ்கேல் வேற.

குழந்தைங்க பெரியவங்க முகத்தை படிக்கறது இருக்கே, அது பேச்சு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுது. 1985ல வந்த ஒரு ஆராய்ச்சி, ஜேம்ஸ் சோர்ஸும் அவர்கூட இருந்தவங்களும் பண்ணினது. ஒரு பெரிய கண்ணாடி மேஜை, பாதி வரைக்கும் கண்ணாடிக்கு ஒட்டினாப்ல கீழ கட்டம் போட்ட துணி, மீதி பாதியில அதே துணி கொஞ்சம் கீழ இறங்கியிருக்கும், அதனால மேல தவழற குழந்தைக்கு அங்க ஒரு பள்ளம் இருக்கற மாதிரி தெரியும். நிஜத்துல விழாது, கண்ணாடி இருக்கு. 1 வயசு குழந்தைங்கள விட்டாங்க, அந்தப் பக்கம் அம்மா நிக்கறாங்க. குழந்தை அந்தப் பள்ளம் மாதிரி தெரியற இடத்துக்கு வந்ததும் நின்னு, தலைய தூக்கி அம்மா முகத்தை பாக்கும். அம்மா பேசக் கூடாது, முகம் மட்டும்தான். சிரிச்ச முகம் காட்டின அம்மாக்களோட 19 குழந்தைங்கள்ல 14 பேர் கடந்து வந்துட்டாங்க. பயந்த முகம் காட்டின அம்மாக்களோட 17 குழந்தைங்கள்ல ஒருத்தர் கூட வரல. அதே மேஜை, அதே பள்ளம், ஒருத்தர் கூட வரல சார்.

உங்க பொண்ணு நோட்டுல ஒரு எழுத்து தப்பா விழுந்த நிமிஷம், அவளுக்கு அது ஒரு பள்ளம். தாண்டலாமா கூடாதான்னு அவளுக்கு தெரியாது. கண்ணை திருப்பாமலே பக்கத்துல இருக்கற உங்களை பாக்குறா, காதால பாக்குறா. மூச்சு கேக்குது. சரி இது தாண்டக் கூடாத பள்ளம் போலன்னு பக்கத்தையே கிழிச்சுடறா.

என் ரூமுக்கு வந்த ஒரு பையனை பத்தி சொல்றேன், வயசு 9 இருக்கும், அடையாளம் எல்லாம் மாத்தியிருக்கேன். ஒரு வீடு வரையச் சொன்னேன். ஜன்னல் கோடு கொஞ்சம் கோணலாயிடுச்சு. ரப்பர் எடுத்து அழிச்சான், திரும்ப போட்டான், திரும்ப அழிச்சான், அந்த இடத்துல பேப்பர் நூல் நூலா எழும்பி, கடைசியில ஓட்டையே விழுந்துடுச்சு. நான் அவனை பாக்கல, அவன் கண்ணை பாத்துட்டு இருந்தேன், ஒவ்வொரு தடவ அழிக்கறதுக்கு முன்னாடியும் ஒரு செகண்ட் அந்தக் கண்ணு சோபாவுல உக்காந்திருந்த அம்மாகிட்ட போயிட்டு வந்தது. அம்மா ஒண்ணுமே பண்ணல. பாவம், நகத்தை கடிச்சுட்டு ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு இருந்தாங்க. ஆனா கோடு கோணலான நேரத்துல எல்லாம் அவங்க தோள்பட்டை லேசா மேல ஏறி இறங்கினது. அவங்களுக்கே தெரியாது. அடுத்த வாரம் அம்மாவ வெளிய உக்கார வெச்சுட்டு வரையச் சொன்னேன், ரெண்டே தடவதான் அழிச்சான்.

முக்கியமா இன்னொண்ணு. ஆபீஸ்ல தப்பு பண்ணிட்டா ரெண்டு நாள் தூக்கம் வராது, யார்கிட்டயும் பேசப் பிடிக்காது, ஆனா குழந்தைகிட்ட காட்டிக்கிட்டதில்லன்னு எழுதியிருக்கீங்க. காட்டிக்கல, ஆனா அவ பாத்துட்டுதான் இருக்கா. சாயங்காலம் வந்த அப்பா வழக்கமா அவ தலைய கலைச்சு விடுவார், இன்னைக்கு விடல, போனை பாக்கற மாதிரி இருக்கார் ஆனா ஸ்க்ரீன் அணைஞ்சு கிடக்கு, அம்மா மெதுவா "என்னாச்சு"ன்னு கேக்கறாங்க, "ஒண்ணுமில்ல, ஒரு தப்பு நடந்துருச்சு"ங்கறார். இதெல்லாம் உங்க கடிதத்துல இல்ல, நானா யோசிச்சு சொல்றேன், ஆனா கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். இதுல இருந்து ஒரு 8 வயசு மூளை என்ன கணக்கு போடும்? தப்பு பண்ணினா பேச்சு நின்னு போயிடும், தப்பு பண்ணினவங்க ரெண்டு நாள் தனியா இருக்கணும், அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அவ இப்ப நோட்டுல பண்றது அச்சு அசலா அதேதான், கிழிச்சு மறைச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கறா. இதை அவளுக்கு யாரும் பாடம் எடுக்கல, உங்களை ரொம்ப பிடிக்கும், அதனால உங்களை பாத்து கத்துக்கிட்டா.

அதனால நான் குடுக்கற முதல் வேலை அவளுக்கு இல்ல, உங்களுக்கு. தினமும் ஒரு சின்னத் தப்பை அவ காது கேக்கற மாதிரி பண்ணுங்க. பண்ணுங்கன்னா நடிக்கச் சொல்லல, நடிப்பை குழந்தைங்க உடனே கண்டுபிடிச்சுடும், நிஜமாவே ஒரு நாளைக்கு பத்து தப்பு பண்றோம்ல, அதுல ஒண்ணை வாய் விட்டு சொல்லுங்க. "அய்யோ, வேற ஒருத்தருக்கு மெசேஜ் அனுப்பிட்டேன், சரி, சாரின்னு போட்டுடறேன்." அவ்ளோதான். சாரி போட்டாச்சு, முடிஞ்சுது, நீங்க அடுத்த வேலைக்கு போயிட்டீங்கங்கறதை அவ பாக்கணும். ஆபீஸ் தப்பு நடந்த அன்னைக்கும் வந்து, "அப்பா இன்னைக்கு ஒரு கணக்கை தப்பா போட்டுட்டேன், மனசு கஷ்டமா இருக்கு, அதான் அமைதியா இருக்கேன், உன் மேல கோவம் இல்ல, நாளைக்கு போய் சரி பண்ணப் போறேன்"னு நாலு வார்த்தை. முதல் தடவ சொல்லும்போது தொண்டை அடைக்கும், உங்க அப்பா உங்ககிட்ட இப்படி ஒரு நாளும் பேசியிருக்க மாட்டார். பரவால்ல, தட்டுத் தடுமாறி சொன்னா கூட போதும்.

பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கறதை கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்க. இதை சொன்னா பெத்தவங்களுக்கு கோவம் வரும், நேரம் ஒதுக்கறதே பெரிய விஷயம், அதையும் தப்புங்கறீங்களேன்னு. எரின் மலோனிங்கறவரும் அவர்கூட இருந்தவங்களும் 2015ல வெளியிட்ட ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, 1ஆம் வகுப்பு 2ஆம் வகுப்பு பிள்ளைங்கள வெச்சு பண்ணினது. கணக்குன்னாலே பதட்டப்படற அப்பா அம்மா, ஹோம்வொர்க்ல அடிக்கடி உதவி பண்ணினப்ப, அந்தப் பிள்ளைங்க வருஷக் கடைசியில கணக்கு கம்மியா கத்துக்கிட்டு, கணக்கு மேல பயத்தையும் கூட்டிக்கிட்டு இருந்தாங்க. அதே பதட்டம் இருக்கற பெத்தவங்க அடிக்கடி பக்கத்துல உக்காராத வீடுகள்ல இந்தப் பாதிப்பு தெரியல. உதவி கெட்டதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, பதட்டத்தோட உக்காந்தா பாடத்தோட பதட்டமும் சேந்து போயிடுதுன்னு அர்த்தம். நீங்க அதே ரூம்ல இருங்க, ஆனா கொஞ்சம் தள்ளி, உங்க வேலைய பாத்துக்கிட்டு. கூப்பிட்டா மட்டும் போங்க. எழுதி முடிச்சுட்டு காட்டினா முதல்ல தப்பை தேடாதீங்க, உங்க கண்ணு தானா அங்கதான் போகும், தப்பை பாத்து பழகின கண்ணு, போனாலும் பரவால்ல, வாய் அங்க போக வேணாம்.

பாராட்டு விஷயத்துலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. "நல்லா படிப்பா"ன்னு நீங்க எழுதியிருக்கறதை பாத்தா வீட்டுல "நீ அறிவாளிடி"ன்னு சொல்ற பழக்கம் இருக்கலாம். கிளாடியா முல்லர், கரோல் ட்வெக்னு ரெண்டு பேர், 1998ல, 5ஆம் வகுப்பு பிள்ளைங்களுக்கு புதிர் குடுத்து, நல்லா பண்ணினதும் சிலர்கிட்ட "நீ ரொம்ப புத்திசாலி"ன்னும் சிலர்கிட்ட "நல்லா முயற்சி பண்ணியிருக்க"ன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாங்க. அப்புறம் ரொம்ப கஷ்டமான புதிர் குடுத்து எல்லாரையும் சறுக்க விட்டாங்க. புத்திசாலின்னு பேர் வாங்கின பிள்ளைங்க சீக்கிரமா விட்டுட்டாங்க, எனக்கு இது பிடிக்கலன்னாங்க, கடைசியில மார்க்கை எழுதச் சொன்னப்ப அவங்கள்ல 10 பேர்ல கிட்டத்தட்ட 4 பேர் மார்க்கை மாத்தி எழுதினாங்க. பொய் சொல்ற பிள்ளைங்க இல்ல அவங்க, குடுத்த பட்டத்தை காப்பாத்த வேண்டிய நிலைமைக்கு தள்ளிட்டோம். உங்க பொண்ணு பக்கத்தை கிழிக்கறதும் ஒரு வகையில மார்க்கை மாத்தி எழுதறதுதான், தப்பு நடந்த சாட்சியே இருக்கக் கூடாது. அதனால அறிவாளி, சமத்து, தங்கம் எல்லாத்தையும் கொஞ்ச நாள் குறைச்சுட்டு, கண்ணுல பட்டதை சொல்லுங்க. "இந்த இடத்துல யோசிச்சு நிறுத்தி எழுதியிருக்க போல." போதும். அதுக்காக "சூப்பரா முயற்சி பண்ணினே"ன்னு நாள் பூரா ஒப்பிக்க வேணாம், அதுவும் இன்னொரு பட்டமா மாறிடும்.

டீச்சர்கிட்ட கேள்வி கேக்க வேணாம்னு சொன்னதும், பென்சில்ல எழுதிக் குடுக்கறதும், பாசத்துல பண்ணினதுதான். ஆனா அது ரெண்டும் சேந்து அவகிட்ட "உன்னால முடியாதுன்னு எங்களுக்கும் தெரியும்"னு சொல்லிட்டு இருக்கு. ஒவ்வொரு தடவ நாம பயத்துக்கு வழி விட்டு ஒதுங்கும்போதும் அந்த நிமிஷம் குழந்தைக்கு நிம்மதியா இருக்கும், மறுநாள் பயம் ஒரு அடி முன்னாடி வந்து நிக்கும். யேல் பல்கலைக்கழகத்துல எலி லெபோவிட்ஸ்னு ஒருத்தர் இதையே சிகிச்சையா மாத்தியிருக்கார். பதட்டப் பிரச்சினை இருக்கற குழந்தைங்கள ரெண்டு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுல குழந்தைக்கே நேரடியா, எண்ணத்தையும் நடத்தையையும் மாத்தப் பழக்கற வழக்கமான மனநல சிகிச்சை, இன்னொரு குழுவுல குழந்தைக்கு சிகிச்சையே இல்ல, அப்பா அம்மாவுக்கு மட்டும் பயிற்சி, எப்படி இந்த ஒதுங்கிப் போறதை கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறது, அதே நேரம் "உனக்கு பயமா இருக்குன்னு புரியுது, உன்னால தாங்க முடியும்னும் எனக்கு தெரியும்"னு எப்படி சொல்றதுன்னு. 2020ல முடிவு வந்தது, ரெண்டு குழுவுலயும் குழந்தைங்க ஏறக்குறைய ஒரே அளவுக்கு தேறியிருந்தாங்க. ஒரு தடவ கூட சிகிச்சைக்கு வந்து உக்காராத குழந்தைங்க. எனக்கு இந்தத் தொழில்ல பெரிய நம்பிக்கை குடுத்த விஷயங்கள்ல இது ஒண்ணு.

ஆனா நாளைக்கே போய் பென்சிலை பிடுங்கிடாதீங்க. முதல்ல அவகிட்ட சொல்லணும், ஹோம்வொர்க் நேரத்துல சொல்லாம, வேற ஏதாவது நிம்மதியான நேரத்துல. "இவ்ளோ நாளா அப்பா எழுதிக் குடுத்தேன், உனக்கு உதவின்னு நினைச்சேன், ஆனா அதனால உன் பயம் கூடிடுச்சோன்னு தோணுது. அடுத்த வாரத்துல இருந்து முதல் ரெண்டு வரி மட்டும் நீயா எழுது, மீதிக்கு நான் எழுதித் தர்றேன்." ரெண்டு வரி, அப்புறம் நாலு, அப்புறம் பாதி பக்கம். அழுவா, கோவப்படுவா, அது நீங்க தப்பான வழியில போறதுக்கு அடையாளம் இல்ல. டீச்சர்கிட்டயும் பேசி, முதல்ல ஆமா இல்லன்னு ஒரு வார்த்தையில சொல்ற மாதிரி கேள்வி, அதுவும் இன்னைக்கு உன்னை கேப்பேன்னு முன்கூட்டியே அவகிட்ட சொல்லிட்டு, அப்படி ஆரம்பிக்கச் சொல்லுங்க. பதில் தப்பாயிட்டா டீச்சர் முகம் எப்படி இருக்கணும்ங்கறதையும் கொஞ்சம் சொல்லி வைங்க, பெரும்பாலான டீச்சர்ஸ் புரிஞ்சுக்குவாங்க.

பாட்டிகிட்ட எப்படி சொல்றது? "குழந்தை முன்னாடி அப்படி சொல்லாதீங்கம்மா"ன்னு அவ முன்னாடியே சண்டை போட்டா, அந்த வார்த்தைக்கு இன்னும் கனம் கூடிடும். தனியா போய் உக்காந்து, "அம்மா, சின்ன வயசுல என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க, எனக்கு அது இன்னைக்கும் வலிக்குது, அவளுக்கு அந்தப் பேர் வேணாம்"னு சொல்லிப் பாருங்க. உங்களை அப்படி கூப்பிட்டாங்களான்னு எனக்கு தெரியாது, ஆனா "அப்பனை மாதிரியே"ங்கற வார்த்தை சும்மா வராது. அப்புறம் ஒரு சின்ன உபாயம், பாட்டி அவ பயந்து பயந்து செஞ்ச ஒரு காரியத்தை பாத்தா அதை உங்ககிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க, அவ காதுல விழற மாதிரி. பெரியவங்களுக்கு வாயை மூடிக்கங்கன்னு சொன்னா மனசு கஷ்டப்படும், வேற ஒரு வேலை குடுத்தா சந்தோஷமா செய்வாங்க.

இதெல்லாம் படிச்சுட்டு இனிமே மூச்சு கூட விடக் கூடாதாடான்னு நினைச்சு முகத்தை கல்லு மாதிரி வெச்சுக்காதீங்க, அது இன்னும் மோசம். எட்வர்ட் ட்ரோனிக் 1970கள்ல ஒரு சோதனை பண்ணினார், அம்மா கைக்குழந்தைகிட்ட கொஞ்சி விளையாடிட்டு திடீர்னு சில நிமிஷம் முகத்தை அசைக்காம வெச்சுக்கணும். குழந்தை சிரிச்சு பாக்கும், கைய நீட்டும், கத்தும், கடைசியில முகத்தை திருப்பிக்கிட்டு தளர்ந்து போயிடும். பாக்கவே கஷ்டமா இருக்கும். ஆனா அதே ட்ரோனிக் சொன்ன இன்னொரு விஷயம் பல பேருக்கு தெரியாது, சாதாரணமா நல்லா இருக்கற அம்மாவும் குழந்தையும் கூட ஒருத்தருக்கொருத்தர் இசைவா இருக்கறது சுமார் 30 சதவீத நேரம்தான், மீதி நேரம் தவறவிட்டு தவறவிட்டு சரி பண்ணிக்கறதுலயே போகுது. அந்த சரி பண்ணிக்கறதுலதான் குழந்தை தெம்பாகுது. அதனால மூச்சு வந்துட்டா வந்துட்டு போகட்டும், உடனே சொல்லுங்க, "அப்பா மூச்சு விட்டேன்ல, அது உன்னால இல்ல, எனக்கு தப்புன்னாலே ஒரு பயம், நானும் இப்பதான் பழகிட்டு இருக்கேன்." அவ ஒண்ணும் பதில் சொல்லாம பென்சிலை உருட்டிட்டு இருப்பா. கேட்டிருக்கும்.

டாக்டர்கிட்ட போகணுமான்னு கேட்டீங்க. இதையெல்லாம் ஆரம்பிச்சு ஆறு எட்டு வாரம் ஒழுங்கா செஞ்சும் கிழிக்கறது குறையலன்னா ஒரு குழந்தைகள் மனநல நிபுணர்கிட்ட கூட்டிட்டு போங்க. ஆனா கீழ சொல்றதுல ஏதாவது ஒண்ணு இருந்தா வாரக்கணக்கா காத்திருக்காதீங்க, இப்பவே போங்க. ஸ்கூல் போக மாட்டேன்னு தொடர்ந்து அடம், காலையில வயித்து வலி தலைவலி அடிக்கடி, தூக்கம் சாப்பாடு கெட்டுப் போறது, நோட்டு மட்டும் இல்லாம கை கழுவறது, பொருளை அடுக்கறது, ஒரே கேள்விய திரும்ப திரும்ப கேக்கறதுன்னு மத்த விஷயங்கள்லயும் "சரியா வர்ற வரைக்கும்" நிறுத்த முடியாம செய்யறது, தன்னையே அடிச்சுக்கறது, கிள்ளிக்கறது, "நான் இல்லாமலே இருந்திருக்கலாம்" மாதிரி ஒரு வார்த்தை, விளையாட்டா சொன்னா கூட. எழுதறதுல மட்டும்தான் தடுமாறுறா, வாய்ல கேட்டா டக்குனு சொல்றான்னா, எழுத்து சம்பந்தமான கற்றல் சிரமம் இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க, சில பிள்ளைங்க கையில பிரச்சினை இருக்கும், நாம மனசுல தேடிட்டு இருப்போம். மனநலப் பிரச்சினைகள்ல மூணுல ஒரு பங்கு 14 வயசுக்குள்ளயும் பாதி 18 வயசுக்குள்ளயும் தலை காட்ட ஆரம்பிச்சுடுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உங்க பொண்ணுக்கு 8, நீங்க சீக்கிரமா கவனிச்சிருக்கீங்க.

அப்புறம் உங்களுக்கு. ஒரு தப்புக்கு ரெண்டு நாள் தூக்கம் போறது சின்ன விஷயம் இல்ல. பொண்ணுக்காகன்னு நினைச்சுக்கிட்டாவது நீங்க தனியா ஒருத்தர்கிட்ட போய் பேசுங்க. அடி வாங்கின அந்தப் பையனை பத்தி இது வரைக்கும் யார்கிட்டயாவது முழுசா சொல்லியிருக்கீங்களா?

அந்த கிழிஞ்ச பக்கங்கள். ஒட்டி காட்டாதீங்க. நீங்க பாசத்தோட எடுத்து வெச்சிருக்கீங்க, எனக்கு புரியுது, ஆனா அவ மறைக்கணும்னு நினைச்சதை எல்லாம் அப்பா ஒண்ணு விடாம சேத்து வெச்சிருக்கார்னுதான் அவளுக்கு தெரியும், "அழகா எழுதியிருக்க"ங்கறது காதுலயே விழாது. பத்திரமா வெச்சுக்கங்க, நிபுணரை பாக்கப் போனா எடுத்துட்டு போங்க, எங்களுக்கு ரொம்ப உபயோகப்படும், எந்த எழுத்துகிட்ட கிழிச்சிருக்கான்னு பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சுடும். அதுக்கு பதிலா ஒரு பழைய நோட்டை எடுத்து நீங்க எழுதுங்க, அவ எழுதற அதே நேரத்துல, கொஞ்சம் தள்ளி உக்காந்து, உங்களுக்கு பிடிச்சது எதுவோ அதை. தப்பு வந்தா ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துலயே சரியா எழுதுங்க, அடிச்சது அப்படியே தெரியட்டும். அந்த நோட்டை மூடி வைக்காம மேஜை மேலயே விட்டுட்டு எழுந்து போங்க. அவ எடுத்துப் பாப்பா. ஒரு மாசம் கழிச்சு என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க.